புள்ளி இல்லாத டிக்கெட்டும் 7,900 டொலர் இன்சூரன்ஸும்

2024 சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் நாள் அந்த பைக் எங்கள் டொரன்டோ ஸ்காபரோ வீட்டு கராஜுக்குள் வந்தது. யமஹா ஆர்6, 2015 மொடல், நீல நிறம், 8,200 டொலர். இரண்டு வருடம் வெயர்ஹவுஸில் இரவு வேலை செய்து சேர்த்த காசு. நண்பன் ஒருவனின் பிக்கப்பில் ஏற்றி, பெல்ட் போட்டு இறுக்கி, மெல்ல மெல்லக் கொண்டுவந்து இறக்கினோம். அன்றிரவு சாப்பிட்ட பிறகும் இரண்டு தரம் கராஜுக்குப் போய் லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த பைக்கை நான் வீதியில் ஒரு கிலோமீற்றர் கூட ஓடவில்லை. பத்துக் கிழமை கழித்து நட்டத்துக்கு விற்றேன். காரணம் இன்சூரன்ஸ். அந்த இன்சூரன்ஸுக்குக் காரணம், நான் மறந்தே போயிருந்த இரண்டு சின்ன டிக்கெட்டுகள். எங்கள் சனத்தில் கார் இன்சூரன்ஸ் பற்றி எல்லோரும் கதைப்பார்கள், பைக் இன்சூரன்ஸ் பற்றிச் சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் 2019 கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்தேன், அப்போது வயது 19. ஊரில் சித்தப்பாவின் பைக்கில்தான் பள்ளிக்கூடம், ரியூஷன், கோயில் எல்லாம். அங்கே மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்றால் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும், யார் ஓடுகிறார், எத்தனை வயது என்று ஒருவரும் கேட்பதில்லை. இன்சூரன்ஸ் என்பது பைக்குக்கு எடுப்பது என்ற எண்ணம் அப்படியே என் மண்டைக்குள் இருந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் அது ஓடுகிற ஆளுக்குப் போடுகிற விலை. வயது, எந்த லைசன்ஸ், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார், எந்த பைக், எந்த ஏரியாவில் இருக்கிறார், எத்தனை டிக்கெட் என்று ஆளைத்தான் அளக்கிறார்கள். ஊரில் ஓடிய வருடங்களுக்கு ஒரு சதமும் குறையவில்லை.

பைக் வாங்குவதற்கு இரண்டு கிழமை முதல்தான் எழுத்துப் பரீட்சை எழுதி எம்1 எடுத்திருந்தேன். எம்1 என்பது பழகுகிறவர் லைசன்ஸ்: பகலில் மட்டும் ஓடலாம், பின்னால் ஆள் ஏற்ற முடியாது, 401 போன்ற 400 வரிசைப் பெரிய ஹைவேகளில் ஏற முடியாது, 90 நாட்களுக்குத்தான் செல்லும். புதன்கிழமை, வாகனப் பதிவு செய்கிற அரச அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போனேன். தனியாரிடம் வாங்கினாலும் 13 சதவீத வரி உண்டு. 1,066 டொலர் கட்டி பைக்கை என் பெயருக்கு மாற்றியாயிற்று. ஆனால் பிளேட் வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் காட்ட வேண்டும். சரி, அப்பாவின் காருக்கு இன்சூரன்ஸ் பார்க்கிற புரோக்கர் அக்காவிடமே எடுப்போம் என்று அங்கே நின்றபடியே போன் எடுத்தேன்.

அவர் முதல் கேட்டது பைக்கின் பெயர். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "தம்பி, பைக்கை வாங்கிப்போட்டோ இன்சூரன்ஸ் கேக்கிறீர்? இன்சூரன்ஸைக் கேட்டுப்போட்டெல்லோ பைக் வாங்கவேணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கவலையாகச் சொன்னார். 25 வயதுக்குக் கீழே, எம்1 லைசன்ஸ், அதிலும் 600 சிசி சுப்பர்ஸ்போர்ட் (பந்தய வகை பைக்) என்றால் அவர் வேலை செய்கிற கம்பனிகளில் பலது விலையே சொல்லாது என்றார். பின்னேரம் திரும்ப எடுத்தார். ஐந்து கம்பனி ஏலாது என்று சொல்லிவிட்டன. மிச்சம் ஒரு வழிதான்: ஒரு கம்பனியும் எடுக்காத ஆட்களுக்கென்று ஒன்ராறியோவில் பெசிலிற்றி அசோசியேஷன் என்று ஒன்று இருக்கிறது. அந்த வழியால் போனால் வருடத்துக்கு 7,900 டொலர். பைக்கின் விலைக்கு 300 டொலர் குறைவு. அதிலும் என் பைக் விழுந்தாலோ களவு போனாலோ ஒன்றும் கிடைக்காது, சட்டத்துக்குத் தேவையான அடிப்படை மட்டும்தான். "உம்மட ரெக்கோர்டில ரெண்டு கன்விக்‌ஷன் கிடக்குதல்லோ" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது.

கன்விக்‌ஷன் என்றால் குற்றத்தீர்ப்பு. எனக்கு எப்போது தீர்ப்பு வந்தது? நான் கோர்ட் வாசலையே பார்த்ததில்லை. அன்றிரவே 12 டொலர் கட்டி என்னுடைய மூன்று வருட சாரதிப் பதிவை இணையத்தில் எடுத்தேன். இங்கே அப்ஸ்ட்ராக்ட் என்பார்கள். ஒரே ஒரு பக்கம். அதில் இரண்டு வரி. 2022 ஓகஸ்ட், வேகம், 60 வலயத்தில் 75. 2023 மார்ச், ஸ்டொப் சைனில் நிற்கவில்லை.

முதலாவது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கிங்ஸ்டன் ரோட்டில், வேலைக்குப் பிந்திவிட்டது என்ற அவசரத்தில் 84இல் போனேன். மறித்த பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் கதைத்தார். "15 கூட என்று எழுதிவிடுகிறேன், புள்ளி ஒன்றும் இல்லை, ஐம்பது டொலர் சொச்சம்தான்" என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளே இணையத்தில் காசு கட்டினேன். கடனை வைத்திருக்கக் கூடாது என்று வளர்த்த வீடு, அதனால் பெருமையாகவும் இருந்தது. இரண்டாவது, எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது முடக்கில். காலை 6 மணி, பனி, ஒரு மனிதரும் இல்லை. சில்லு முழுதாக நிற்காமல் உருட்டிக்கொண்டு திரும்பினேன். 110 டொலர், 3 புள்ளி. அதையும் அந்தக் கிழமையே கட்டிவிட்டேன்.

காசு கட்டியதுதான் தீர்ப்பு. இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதில் மூன்று வழி தெளிவாக அச்சடித்திருக்கிறது. குற்றத்தை ஏற்றுக் காசு கட்டுவது ஒன்று, அரச தரப்பு வழக்குத்தொடுநரைச் சந்தித்துக் கதைப்பது மற்றொன்று, வழக்குக்குப் போவது மூன்றாவது. முடிவு செய்ய 15 நாள் தருகிறார்கள். காசு கட்டினால் குற்றவாளி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கட்டிய அந்த நாளிலிருந்துதான் இன்சூரன்ஸ் கம்பனிகள் மூன்று வருடக் கணக்கை எண்ணத் தொடங்கும். 52 டொலரோ 520 டொலரோ, பதிவில் ஒரு வரிதான்.

புள்ளி விஷயத்தில்தான் எங்கள் சனம் பெரும்பாலும் ஏமாறுகிறது, நானும் ஏமாந்தேன். டிமெரிட் புள்ளி என்பது போக்குவரத்து அமைச்சு உங்கள் லைசன்ஸை வைத்திருக்க விடலாமா என்று பார்ப்பதற்கு வைத்திருக்கும் கணக்கு. அது இரண்டு வருடத்தில் போய்விடும். இன்சூரன்ஸ் கம்பனி புள்ளியைப் பார்ப்பதில்லை, தீர்ப்பைத்தான் எண்ணுகிறது. 15 கூட ஓடியதற்குப் புள்ளி பூச்சியம், ஆனால் அது ஒரு கன்விக்‌ஷன். 39 கூட ஓடியிருந்தாலும் பல கம்பனிகளின் கணக்கில் அதுவும் அதே சிறு குற்ற வகைதான். சில கம்பனிகள் ஒரு சிறு டிக்கெட்டைப் பெரிதாக எடுப்பதில்லை, இரண்டாவது வந்ததும் கதை மாறிவிடும். எனக்கு இரண்டாவதுதான் ஆப்பு வைத்தது. இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. டிக்கெட் காரில் கிடைத்ததா பைக்கில் கிடைத்ததா என்ற பேதம் கிடையாது. கார் ஓடும்போது வாங்கிய டிக்கெட் பைக் இன்சூரன்ஸிலும் ஏறும், மற்றப் பக்கமும் அப்படியே.

எங்கள் வீட்டுக்கு ஒரு முறை வேகக் கமரா டிக்கெட்டும் தபாலில் வந்தது. கார் அப்பாவின் பெயரில் என்பதால் அவர் பெயருக்கு வந்தது. அதைப் பார்த்து நான் இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை, அப்பாவின் ரெக்கோர்ட் கெட்டுவிடும் என்று பயந்தேன். அது வீணான பயம். கமரா வாகனத்தைத்தான் பிடிக்கிறது, ஓடியவரை அல்ல. அதனால் புள்ளியும் இல்லை, சாரதிப் பதிவில் ஏறுவதும் இல்லை, இன்சூரன்ஸுக்கும் போகாது. அந்த வேகக் கமராக்களை 2025 நவம்பரோடு மாகாணம் நிறுத்திவிட்டது, சிவப்பு லைட் கமரா இன்னும் இருக்கிறது. பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்படத் தேவையில்லாததற்குப் பயந்திருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. புரோக்கர் அக்கா கதைவாக்கில், "போன நவம்பர் அப்பாவுக்கும் கூடினதுதானே" என்று சொல்லிவிட்டார். அது எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன், அவர் ஒன்றும் சொல்லாமல் அலுமாரிக்கு மேலே இருந்த பிஸ்கட் டின்னை இறக்கித் தந்தார். அப்பா கடிதங்களை அதற்குள்தான் வைப்பார், வருடவாரியாக ரப்பர் பாண்ட் போட்டு. 2022 நவம்பர் கடிதத்தில் வருடத்துக்கு 3,140 டொலர். 2023 நவம்பர் கடிதத்தில் 4,320. அந்த இலக்கத்துக்குக் கீழே அப்பா நீலப் பேனாவால் கழித்து 1,180 என்று எழுதி, அதை 12ஆல் பிரித்து 98 என்று எழுதி, ஒரு வட்டம் போட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் என் பெயரும் இரண்டு டிக்கெட்டும். நான் அவருடைய கார் பொலிசியில் ஜி2 (கார் லைசன்ஸின் இரண்டாம் படி) சாரதியாக இருக்கிறேன், ஒரே வீட்டில் இருக்கிற, லைசன்ஸ் உள்ள ஆளைச் சொல்லாமல் விடவும் முடியாது.

அப்பா ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. மாதம் 98 டொலரை அரை வருடமாக எனக்குச் சொல்லாமல் கட்டியிருக்கிறார். காலையில் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்கும்போது கேட்டேன், ஏன் அப்பா சொல்லவில்லை என்று. "நீ வேலைக்குப் போய் வாறதுக்குக் கார் வேணும்தானே. உனக்குச் சொல்லி என்ன செய்யிறது?" என்று மட்டும் சொன்னார். பிறகு, "அந்த பைக்குக்கு என்னவாம்?" என்று கேட்டார். 7,900 என்று சொல்ல என்னால் முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். பெற்றோரின் கார் பொலிசியில் இருக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்கிறேன்: ஒவ்வொரு வருடமும் வரும் ரினியூவல் கடிதத்தை வாங்கி, உங்கள் பெயருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று நீங்களே வாசியுங்கள். அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அந்த மே மாதம் முழுக்க எனக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பிளேட் இல்லாமல் இரவில் சும்மா சுற்றிவிட்டு வா என்றான் ஒருவன். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவைக்கே குறைந்தது 5,000 டொலர் தண்டம், 25,000 வரை போகலாம், லைசன்ஸை ஒரு வருடம் வரை நிறுத்தலாம். அதற்குப் பிறகு எந்தக் கம்பனியும் முகம் கொடுத்துக் கதைக்காது. பைக்கை மாமா பெயரில் போடு என்றான் இன்னொருவன். மாமாவுக்கு எம், அதாவது முழு பைக் லைசன்ஸ் இருக்கிறது, வயது 51, விலை என் விலையில் கால்வாசிதான் வந்திருக்கும். ஆனால் ஓடுவது நான் என்று மறைத்து எடுத்தால், விபத்து நடந்த அன்று கம்பனி அதைத்தான் முதலில் தோண்டும். மாமா பெயரும் கெட்டுப்போகும். பீற்றர்பரோவில் இருக்கும் நண்பனின் முகவரியைக் கொடு, அங்கே மலிவு என்றும் ஒரு கதை வந்தது. அதுவும் அதே பொய்தான். இவை ஒன்றையும் நான் செய்யவில்லை.

ஆனால் வேறொரு குழிக்குள் விழுந்தேன். இன்ஸ்டகிராமில் ஒருவர், புதுச் சாரதிகளுக்கு மலிவு இன்சூரன்ஸ், டிக்கெட் இருந்தாலும் பரவாயில்லை என்று போட்டிருந்தார். தமிழில்தான் கதைத்தார், வார்த்தைக்கு வார்த்தை தம்பி தம்பி என்றார். வருடத்துக்கு 2,400, முன்பணம் 500, இ-ட்ரான்ஸ்பர் செய்தால் அன்றே பிங்க் ஸ்லிப் (இன்சூரன்ஸ் அத்தாட்சி அட்டை) வரும் என்றார். அனுப்பினேன். ஒரு பிடிஎப் வந்தது, பார்க்க அசலாகத்தான் இருந்தது. மனதுக்குள் ஏதோ உறுத்தியதால் அதில் இருந்த பொலிசி இலக்கத்தை வைத்துக் கம்பனியின் பொது இலக்கத்துக்கு எடுத்தேன். அப்படி ஒரு பொலிசியே இல்லை என்றார்கள். திரும்ப அந்த ஆளுக்கு எடுத்தபோது என்னை புளொக் பண்ணியிருந்தார். 500 டொலர் போனது போனதுதான். கம்பனியிலும் பொலிஸிலும் முறையிட்டேன், காசு வரவில்லை. ஒன்ராறியோவில் புரோக்கர்கள் எல்லோரும் ரிபோ என்ற அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். அதன் தளத்தில் ஆளின் பெயரை அடித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தை நான் காசு அனுப்பிய பிறகுதான் செலவழித்தேன். முன்பணத்தைத் தனி ஆளின் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு, டிக்கெட் போன்ற சின்ன வழக்குகளைப் பார்க்கிற சட்ட உதவியாளரான ஒரு பராலீகலைப் போய்ப் பார்த்தேன், இரண்டு டிக்கெட்டையும் திரும்பத் திறக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று. நேர்மையான மனிதர், காசு வாங்கவில்லை. "நீங்களே குற்றத்தை ஏற்றுக் கட்டிவிட்டீர்கள். அப்பீலுக்கு 30 நாள்தான், அதுவும் காரணம் வேண்டும். இனி மூன்று வருடம் முடியும்வரை பொறுத்திருப்பதுதான்" என்றார். டிக்கெட் கிடைத்த கையோடு வந்திருந்தால், ஸ்டொப் சைன் டிக்கெட்டிலாவது ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். அவருடைய கூலி சில நூறு டொலர் வந்திருக்கும். அப்பா கட்டிய 98 டொலர்களை நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் நான் படித்த இன்னொரு விஷயம், பைக் இன்சூரன்ஸ் ஏன் இந்த விலை என்பது. பைக்கின் விலைக்கு என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒன்ராறியோவில் பிழை யார் பக்கம் இருந்தாலும், உங்கள் காயத்துக்கான சிகிச்சை, பராமரிப்புக் கொடுப்பனவுகளை மற்றவரின் கம்பனி அல்ல, உங்கள் சொந்தக் கம்பனிதான் தர வேண்டும். காரில் இடிபட்டால் இரும்புக்கூடு இருக்கிறது, பைக்கில் உடம்புதான். அதனால் 3,000 டொலர் பழைய பைக்குக்கும் கட்டணம் பெரிதாகக் குறையாது. எந்த வகை பைக் என்பது சிசியை விட முக்கியம். 600 சிசி சுப்பர்ஸ்போர்ட்டை விட நிமிர்ந்திருந்து நிதானமாக ஓடுகிற 800 சிசி குரூசர் பல கம்பனிகளில் மலிவு. ஆர்6, சிபிஆர்600ஆர்ஆர் போன்றவற்றை 25க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பல கம்பனிகள் கொடுப்பதே இல்லை. ஆகவே பைக்கைப் பார்க்கப் போகும் முன், அதன் வருடம், மொடல் இரண்டையும் புரோக்கருக்கு அனுப்பி விலை கேளுங்கள். மூன்று நான்கு மொடலுக்குச் சேர்த்துக் கேட்டாலும் அவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

எம்1 முடிய இரண்டு கிழமை இருந்தபோது முடிவெடுத்தேன். பைக்கை விற்பது, கோர்ஸ் எடுப்பது. ஆர்6 7,000க்குப் போனது. வாங்க வந்த பெடியனுக்கும் என் வயதுதான் இருக்கும். இன்சூரன்ஸ் கேட்டுவிட்டீரா என்று கேட்டேன், ஓம் அண்ணா, எனக்கு எம் புல் லைசன்ஸ், ரெக்கோர்ட் கிளீன் என்றார். கராஜ் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வர எனக்கு அழுகை வந்தது. விலையில் 1,200 நட்டம், 1,066 வரி திரும்பி வராது, 500 அந்த ஏமாற்றுக்காரருக்கு, 120 சேஃப்ரி சேர்ட்டிபிக்கேட்டுக்கு (வீதியில் ஓடத் தகுதி என்ற சான்று). 2,886 டொலர், ஓடாத ஒரு பைக்குக்கு.

கோர்ஸ் ஒரு கல்லூரியில், மாகாணம் அங்கீகரித்தது, ஏறத்தாழ 650 டொலர். பைக்கும் அவர்களே தருகிறார்கள். ஊரில் ஓடிய எனக்கு இனி என்ன பழக இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் போனேன். சனிக்கிழமை காலை அவசர பிரேக் பயிற்சியில் பின்சில்லு பூட்டி வழுக்கி விழுந்தேன். ஊரில் நான் முன்பிரேக்கைத் தொடுவதே இல்லை, தொட்டால் கவிழும் என்றுதான் சித்தப்பா சொல்லித் தந்திருந்தார். இரண்டு விரலால் முன்பிரேக்கை மெல்ல அழுத்தி, பிறகு இறுக்கி, பாரம் முன்சில்லில் இறங்கிய பிறகு பிடி கூடுவதை அன்றுதான் கையால் உணர்ந்தேன். இன்சூரன்ஸ் குறையாவிட்டாலும் அந்த 650 டொலரை நான் திரும்பக் கட்டுவேன். கடைசி நாள் அங்கேயே பரீட்சை வைத்து, எம்1க்கு அடுத்த படியான எம்2 கிடைத்தது. கோர்ஸ் எடுத்தால் எம்2இல் இருக்க வேண்டிய 22 மாதம் 18 ஆகக் குறையும், பல கம்பனிகள் கட்டணத்திலும் கழிவு தருகின்றன. அந்தச் சான்றிதழைப் படம் எடுத்துப் பத்திரமாக வையுங்கள், கேட்கிற இடத்தில் உடனே காட்ட வேண்டிவரும்.

2024இல் நான் பைக் வாங்கவில்லை. 2025 ஏப்ரலில், முதலில் அக்காவிடம் நான்கு மொடலுக்கு விலை கேட்டு, அதன்பிறகு ஹொண்டா ரெபெல் 300 ஒன்று 4,100க்கு வாங்கினேன். எனக்கு 25 ஆகவும் ஒரு மாதம்தான் இருந்தது, எம்2 கையில், கோர்ஸ் சான்றிதழ் கையில், அதே இரண்டு டிக்கெட்டும் ரெக்கோர்டில். வருடத்துக்கு 2,310. பைக் மலிவு என்பதால் கொலிஷன் (விபத்தில் என் பைக்குக்கு வரும் சேதத்துக்கான காப்பு) எடுக்கவில்லை, களவுக்கு மட்டும் எடுத்தேன். என்னால் மற்றவருக்கு வரும் காயம், சேதத்துக்கான பொறுப்புத் தொகையைச் சட்டம் கேட்கிற 2 லட்சம் டொலரில் விடாமல் 10 லட்சமாக்கினேன். அதற்குக் கூடியது நான் நினைத்ததை விடக் குறைவு. கேட்டுப் பாருங்கள், அந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒக்டோபரில் பைக்கைப் போர்த்து வைத்தபோது, இனி ஏப்ரல் வரை இன்சூரன்ஸை நிறுத்திவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். பைக் கட்டணத்தின் பெரும்பகுதியைக் கோடை மாதங்களுக்கென்றே கணக்கு வைப்பார்கள், இலையுதிர்காலத்தில் நிறுத்தினால் திரும்பி வருவது சொற்பம். தொடர்ந்து இன்சூரன்ஸ் வைத்திருந்தார் என்ற பெயரும் முறிந்துபோகும். மாதாமாதம் வங்கியில் எடுக்கிறவர்கள் அந்தத் திகதியில் கணக்கில் காசு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். காசு கட்டாததற்காகப் பொலிசி ரத்தானால் அது டிக்கெட்டை விட மோசமான கறை.

போன மாதம் சித்தியின் மகனுக்கு டிக்கெட் கிடைத்தது, 60இல் 80. வீட்டுக்கு வந்து, "அண்ணா, கட்டிவிடவோ?" என்று கேட்டான். கட்டாதே என்று சொல்லி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, இரண்டாவது வழியில் குறி போட வைத்து, 11ஆவது நாள் அனுப்பினோம். சந்திப்பில் என்ன கேட்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புள்ளியைக் குறைக்கிறோம் என்று சொன்னால் அங்கேயே தலையாட்டக் கூடாது. மாற்றித் தருகிற அந்தக் குற்றம் என் சாரதிப் பதிவில் ஏறுமா ஏறாதா என்பதைத்தான் கேட்க வேண்டும். ஏறும் என்றால் யோசிக்க நேரம் கேட்கலாம், வழக்குக்குப் போகலாம், ஒரு பராலீகலை வைக்கலாம். ஏற்பதென்றாலும் என்னத்தை ஏற்கிறேன் என்று தெரிந்து ஏற்க வேண்டும். உண்மையாகவே வேகமாக ஓடிய ஆள் தப்புவதற்கு வழி சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவனை நன்றாகப் பேசியும் இருக்கிறேன், வேகத்தைக் குறை என்று அவன் அம்மாவுக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

என் முதலாவது டிக்கெட் 2025 ஓகஸ்ட்டில் மூன்று வருடம் முடிந்தது. ஆனால் பைக் பொலிசியில் அன்றே ஒரு சதமும் குறையவில்லை. கம்பனிகள் ரெக்கோர்டை ரினியூவல் நேரத்தில்தான் பார்க்கின்றன, எனக்கு அது ஏப்ரல் கடைசி. டிக்கெட் முடிகிற திகதி ரினியூவலுக்கு ஒரு கிழமை பிந்தினாலும் இன்னொரு வருடம் சுமக்க வேண்டிவரலாம், ஆகவே இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அப்பாவின் கார் ரினியூவல் நவம்பரில் வந்தது, 3,610. பிஸ்கட் டின்னுக்குள் போக முதல் நான் அதை வாசித்தேன். கூடுதலாக இருக்கும் காசை இப்போது நான் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அப்பாவின் கணக்குக்கு அனுப்புகிறேன். முதல் மாதம் திருப்பி அனுப்பிவிட்டார், இரண்டாம் மாதம் வைத்துக்கொண்டார். ஸ்டொப் சைன் டிக்கெட் 2026 மார்ச்சில் முடிகிறது. ஏப்ரல் முதல் கிழமையில் இன்னொரு 12 டொலர் கட்டி அப்ஸ்ட்ராக்ட்டை எடுத்து, அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை என்று என் கண்ணால் பார்த்த பிறகு அக்காவுக்கு அனுப்பப்போகிறேன்.